காகத்தையும் எழுதுங்கள்

பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களிலும் தமிழ்நாடு முழுக்கப் பலர் பறவை எண்ணுகிறார்கள். 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இது. சம்பளம் கிடையாது, படிப்புத் தகுதியும் கேட்பதில்லை. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

'அனைத்தையும்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திருவொற்றியூர் தேரடியில் காலையில் நின்றால் முதலில் கண்ணில் படுவது காகமும் மாடப்புறாவும்தான். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று தோன்றும். எழுதத்தான் வேண்டும். அபூர்வமானதை மட்டும் குறித்து வைத்தால், மற்றவை அங்கே இல்லையா, எழுதாமல் விட்டார்களா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. ஒன்று விடாமல் எழுதிய பட்டியலில் மட்டுமே, பெயர் வராத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று ஆகும்.

இப்படி நூறு முழுப் பட்டியல் சேர்ந்தால், அவற்றில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று கணக்கிடலாம். ஆண்டுதோறும் அந்த விகிதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் குருவியின் போக்கு தெரிந்துவிடும். ஒருவர் கண் தவறவிட்டதை இன்னொருவர் பட்டியல் ஈடுகட்டும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 ஆர்வலர்கள் தந்த பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருந்தன. சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பெரிதாக மாறவில்லை, ஆனால் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருகிறது என்று சொன்னது 2020 அறிக்கை.

எண்ணத் தொடங்கினால் கண்ணும் கூர்மையாகும். குளக்கரையில் மண் நிறத்தில் குறுகி உட்கார்ந்திருக்கும் மடையானைப் பத்தடி தூரத்தில்கூடப் பலர் கவனிக்க மாட்டார்கள். அது எழும்பும் நொடியில் இரண்டு இறக்கையும் பளீரென்று வெளுத்து, வேறொரு பறவை பறப்பதுபோல் இருக்கும்.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் உடலெல்லாம் கறுத்து நின்றன. இறகின் நுண்ணிய இழைகள் கொக்கி போட்டதுபோல் ஒன்றையொன்று பற்றியிருப்பதால்தான் தண்ணீர் உள்ளே புகுவதில்லை. எண்ணெய் பட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். தண்ணீர் தோல்வரை இறங்கி உடல் சூடு போகும், மிதக்க முடியாது. அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்த்து, எண்ணெயையே விழுங்கும்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை போன விவகாரம் அது. அங்கே கேட்கும் முதல் கேள்வி எளிமையானது: கழிவு வருவதற்கு முன் இங்கே என்னென்ன இருந்தன, எவ்வளவு இருந்தன? எண்ணெய் மிதக்கும் நாளில் போய் இதற்குப் பதில் தேட முடியாது. முந்தைய ஆண்டுகளின் சாதாரணக் காலைகளில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

பைனாகுலரோடு கிளம்புகிறவர்கள் பள்ளிக்கரணைக்கும் பழவேற்காட்டுக்கும் போவது இயல்பு. இடையில் இருக்கும் எர்ணாவூரையும் காட்டுக்குப்பத்தையும் உள்ளூர்க்காரர்தான் எண்ண வேண்டும். எந்த மாதம் எந்தப் பறவை முகத்துவாரத்துக்கு வரும் என்பது வலை போடும் அண்ணன்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போனில் பட்டியல் ஏற்றத் தெரியும். வரும் பொங்கலுக்கு இவர்கள் சேர்ந்து கரையில் 15 நிமிடம் நிற்கட்டும். கூழைக்கடா வரவில்லையென்றால், அன்று வந்த காகங்களை எண்ணி எழுதட்டும்.