குற்றப் பரம்பரைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது, சில சமூகத்தினரைப் பிறப்பின் அடிப்படையிலேயே குற்றவாளிகளாகக் கருதி ஆங்கிலேய அரசு 1871-இல் இந்தியாவில் கொண்டுவந்த சட்டமாகும். 1911-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தால் இது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் முதலிய சமூகத்தினர் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர்.

ஒருவர் திருடினாரா என்று இச்சட்டம் கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்றே கேட்டது. பதிவேட்டில் பெயரும் கைரேகையும் ஏறியவர்கள் வெளியூர் செல்லவும் அனுமதி பெற வேண்டியிருந்தது. உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் இதை எதிர்த்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர்.

பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கும் சட்டம் ஜெர்மனியிலும் வந்தது. 1935-இல் இயற்றப்பட்ட நியூரம்பெர்க் சட்டங்கள், தாத்தா பாட்டி யார் என்று பார்த்து ஒருவரை யூதர் என வகைப்படுத்தி, அவரது குடியுரிமையைப் பறித்தன. அடுத்த பத்தாண்டுகளுக்குள் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். இரண்டு கொடுமைகளும் அளவிலும் நோக்கத்திலும் வேறானவை. ஆனால் மக்களிடம் இருந்த வெறுப்பை அரசு சட்டமாக எழுதியது இரண்டிலும் நடந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது. இச்சமூகத்தினர் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றனர். எனினும், ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் இன்ன சாதியார்தான் எடுத்திருப்பார்கள் என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மாணவர்கள் அந்தப் பேச்சைக் கேட்கும்போது, அதற்குச் சான்று என்ன என்று கேட்கப் பழக வேண்டும்.