கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்!

குழிந்த நெஞ்சை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர், பத்தே நாளில் காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள். போன வாரம் வந்த பதினைந்து வயதுப் பையன் மூச்சை ஆழமாக இழுக்கவே பயந்தான். “இருமினா கம்பி நகர்ந்துடும்னு சொன்னாங்க டாக்டர். அதான் அசையாம படுக்க வெச்சிருந்தோம்” என்றார் அம்மா. நுரையீரலில் சளி கட்டியிருந்தது.

இருமினால் கம்பி நகராது

டொனால்டு நஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1987-ல் தொடங்கிய அறுவை சிகிச்சை முறை இது. நெஞ்செலும்புக்கு அடியில் வளைந்த உலோகக் கம்பியை நுழைத்துத் திருப்பி, பக்கவாட்டில் பொருத்திவிடுகிறோம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாராளமாக இருமலாம். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்து உள்ள கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது உள்ளே இழுப்பதற்கு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறை இழுக்கட்டும்.

கம்பியை நகர்த்துவது வேறு. பாசத்தோடு கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும்தான். முதுகுக்குப் பின்னால் கைவைத்து எழுப்புங்கள். இடுப்பைத் திருக வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வேண்டாம்.

மாத்திரை, தைலம், பத்தியம்

‘பழகிவிடும்’ என்று வலி மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்துகிறார்கள். வலிக்கும் பிள்ளை எப்படி மூச்சு இழுப்பான்? இன்னொரு வீட்டில், நாங்கள் கொடுத்தது போதாதென்று மெடிக்கலில் கேட்டு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. எத்தனை முறை சொல்வது!

தைலம் தேய்த்து நெஞ்சை நீவவே கூடாது. ‘சீழ் பிடிக்கும்’ என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்தும் பத்தியமும் வேண்டாம். புண் ஆறப் புரதம் தேவை. சில வலி மாத்திரைகளால் மலம் இறுகும். தண்ணீர், கீரை, பழம் கொடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

திடீர் மூச்சுத்திணறல், அதிகரிக்கும் வலி, காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு, நெஞ்சின் வடிவத்தில் மாற்றம்: எது தெரிந்தாலும் அன்றே வாருங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மருத்துவர் சொல்லும்வரை முதுகில் புத்தகப் பை வேண்டாம். கபடியும் கால்பந்தும் வேண்டவே வேண்டாம். ஆனால் முதல் வாரத்திலிருந்தே நடக்க விடுங்கள். நண்பர்கள் முன் சட்டையைக் கழற்றக் கூசி வருடக்கணக்கில் கூனியே நின்ற பிள்ளை அவன். நிமிர்ந்து நிற்கும்போது வீட்டில் யாரும் கேலி பேசாதீர்கள். நெஞ்சில் கம்பி இருப்பதைப் பள்ளியிலும் சொல்லி வையுங்கள். இரண்டு, மூன்று ஆண்டில் கம்பியை எடுத்தாக வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடாமல் அழைத்து வாருங்கள்.