கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது

2023 மார்ச்சில் கனடாவின் ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ யூடியூப் சேனல் திருடர்கள் கைக்குப் போனது. ஒன்றரைக் கோடிப் பேர் பின்தொடர்ந்த அந்தச் சேனலில் கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கும் இது நேர்ந்தது.

விளம்பர வாய்ப்பு என்று வந்த மின்னஞ்சலின் கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். பார்வைக்குப் பி.டி.எஃப்., உள்ளே தீநிரல். பிரவுசரில் இருந்த ‘செஷன் டோக்கனை’ அது அள்ளிச் சென்றது. ஒருமுறை உள்நுழைந்தவரிடம் மறுபடி கடவுச்சொல் கேட்காமல் இருக்கத் தளங்கள் தரும் அனுமதிச் சீட்டு அது. அதை வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் ஓடிபி கூடக் கேட்கப்படாது.

வீட்டுக் கணினியில் இப்படி நடந்தால் முதலில் வைஃபையைத் துண்டிக்க வேண்டும். கடவுச்சொற்களை அதே கணினியில் மாற்றவே கூடாது; புதியதும் திருடு போகும். வேறொரு நல்ல போனை எடுத்து, முதலில் மின்னஞ்சலைக் காப்பாற்ற வேண்டும். மற்றக் கணக்குகளின் ‘ரீசெட்’ கடிதங்கள் அங்கேதான் வருகின்றன. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்த வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: மின்னஞ்சல் அமைப்புகளில் தெரியாத ஃபார்வர்டிங் முகவரியோ, மீட்பு எண்ணோ சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது.

அடுத்து வங்கிக் கணக்குகள்.

கணினிக்கு ஸ்கேன் மட்டும் போதும் என்று நம்ப முடியாது. புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துவிட்டு, வட்டை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.

இந்தியாவில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.