கன்றுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே பேதி

முகம் சுளிக்க மாட்டீர்கள் என்றால் ஒரு கதை சொல்கிறேன். கதை முழுக்க மலம் வரும், வாந்தி வரும், கழிச்சல் கண்ட கன்றுக்குட்டிகளும் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். கையையும்தான்.

1940-களின் தொடக்கம். அமெரிக்காவில் பால்டிமோர், வாஷிங்டன் பக்கத்து மருத்துவமனைகளில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு அடுத்தடுத்துப் பேதி கண்டது. ஜேக்கப் லைட், ஹொரேஸ் ஹோட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தக் குழந்தைகளின் மலத்தை நீரில் கரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார்கள். வடிந்த நீரைக் கன்றுக்குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். கன்றுகளுக்குப் பேதி பிடித்துக்கொண்டது! பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று குழந்தையிடமிருந்து கன்றுக்குப் போயிருக்கிறது என்று 1943-ல் எழுதினார்கள்.

எவ்வளவு பெரிய துப்பு! ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக யாருக்கும் அப்போது வழி தெரியவில்லை. அந்தக் கிருமி எப்படி இருக்கும் என்று ஒருவரும் பார்த்ததில்லை. மாதிரியை மட்டும் பதப்படுத்தி வைத்தார்கள். நல்லவேளை, தூக்கி எறியவில்லை. அது திரும்பக் கதைக்குள் வரும்.

அடுத்து, மாட்டு மருத்துவர்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மாடு வளர்ப்புதான் பெரிய தொழில். பிறந்த சில நாட்களிலேயே கன்றுகள் கழிச்சல் கண்டு செத்துப்போவது பண்ணைக்காரர்களுக்குத் தீராத தலைவலி. அங்கே கால்நடை ஆராய்ச்சியாளர் சார்லஸ் மீபஸும் அவருடைய குழுவினரும் கன்றுகளின் சாணத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 1969-ல் ஒரு வைரஸைக் கண்டறிந்தார்கள். மனிதக் குழந்தைகளைக் கவனித்த மருத்துவர்களில் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அது மாட்டு விஷயம் அல்லவா!

அந்த நாளில் பேதியோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, சோதித்துப் பார்த்தால் எந்தப் பாக்டீரியாவும் சிக்காது. காரணம் தெரியாமலேயே மருத்துவம் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ரூத் பிஷப்புக்கு இது பொறுக்கவில்லை. மலத்தில் தேடுவதை விட்டுவிட்டு, நோய் நடக்கும் இடத்துக்கே போவோம் என்று அவருடைய குழு முடிவு செய்தது. நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் தொடங்கும் இடத்திலிருந்து துளியூண்டு திசுவை எடுத்து, இயன் ஹோம்ஸ் என்ற வைரஸ் ஆய்வாளரிடம் கொடுத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், குடலின் செல்களுக்குள் வைரஸ்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தன. ஆண்டு 1973. சில மாதங்களிலேயே இன்னொன்றும் தெரிந்தது: இவ்வளவு சிரமப்பட்டுத் திசு எடுக்கவே வேண்டாம், மலத்திலேயே வைரஸ் ஏராளமாக இருக்கிறது, பார்க்கத்தான் சரியான கருவி வேண்டும்!

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தாமஸ் ஃபிளூவெட் என்பவரும் இதே வைரஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரக்கால் வைத்த வண்டிச் சக்கரம் போல அது தெரிந்ததால், லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ‘ரோட்டா வைரஸ்’ என்று பெயர் வைத்தார். அவர் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு அதிகம் பிடிக்கும். கன்றின் வைரஸையும் குழந்தையின் வைரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். உருவம் ஒன்றுதான். ஒன்றை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், மற்றதையும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டது. இரண்டும் நெருங்கிய உறவு!

இப்போது அந்தப் பழைய மாதிரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த அதையும் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ரோட்டா வைரஸ். லைட்டும் ஹோட்ஸும் 1943-லேயே இதன் வாலைப் பிடித்திருந்தார்கள்.

இந்த வைரஸ் ஆள் ரொம்பச் சின்னவர். உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சுமார் பத்தாயிரம் பேர் வரிசையாக நிற்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று புரத உறைகள், வெளியே முட்கள். நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் வைரஸ் இருக்கலாம். அடுத்தவருக்கு நோய் வர நூறுக்குள் போதும். பொம்மையில், கதவின் கைப்பிடியில் நாள்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். அதனால்தான் குடிநீரும் கழிப்பறையும் சுத்தமாக உள்ள நாடுகளிலும், தடுப்பு மருந்து வருவதற்கு முன், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது இது வந்தது.

நம் சிறுகுடலின் உட்புறம் குடலுறிஞ்சிகள் என்ற நுண்ணிய விரல்கள் கோடிக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டின் சத்தையும் நீரையும் உறிஞ்சுவது அவைதான். ரோட்டா வைரஸ் அந்த விரல்களின் நுனியில் உள்ள செல்களையே குறிவைக்கிறது. செல்கள் செத்து உதிர்கின்றன. உறிஞ்சப்படாத நீர் கீழே போகிறது. போதாததற்கு, வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதமே நஞ்சாக மாறி, உடலுக்குள்ளிருக்கும் நீரையும் குடலுக்குள் இறக்கிவிடுகிறது. குழந்தை சிறியது, அதன் உடலில் உள்ள நீரும் கொஞ்சம். ஒரே நாளில் கண் குழிந்து, நாக்கு வறண்டு துவண்டுபோகும். ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யாது. அடியிலிருந்து புதுச் செல்கள் சில நாட்களில் வளர்ந்துவிடும், அதுவரை இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டித் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். கரைசல். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து குடல் செல்லுக்குள் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பேதி நடக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை.

இனி, கதையின் விசித்திரமான பகுதி. ரோட்டா வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. ஒரே இழையாக இல்லை, தனித்தனியாக 11 துண்டுகளாக இருக்கிறது. பதினொன்று என்றதும் உங்களுக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வந்திருக்கும். சரிதான், அதையே வைத்துக்கொள்வோம். மாட்டு வைரஸ் ஓர் அணி, மனித வைரஸ் ஓர் அணி. ஒரே செல்லுக்குள் இரண்டு அணியும் புகுந்துவிட்டால், வெளியே வரும்போது ஆட்கள் கலந்துவிடுவார்கள். பத்து மனித ஆட்டக்காரர்கள், ஒரு மாட்டு ஆட்டக்காரர் என்று புது அணி கிளம்பும்.

1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மகராஜ் கிஷன் பான் என்ற குழந்தை மருத்துவர் ஒரு வினோதத்தைக் கவனித்தார். அங்கே பிறந்த பச்சைக் குழந்தைகள் பலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது, பேதி மட்டும் இல்லை! அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பின்னால் வரும் கடுமையான ரோட்டா பேதியும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. தீங்கு செய்யாமல் பாடம் மட்டும் நடத்திவிட்டுப் போகும் வைரஸ். அதற்கு 116இ என்று பெயர். அதன் 11 மரபணுக்களில் பத்து மனித வைரஸுடையவை, ஒன்று மாட்டு வைரஸிலிருந்து வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தின் சி. துர்கா ராவும் நோயில்லாத பச்சைக் குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸைக் கண்டார். அது இன்னும் ஒருபடி மேல். பெரும்பகுதி மரபணுக்கள் மாட்டுடையவை!

மாட்டு வைரஸையே தடுப்பு மருந்தாக்கும் எண்ணம் வெளிநாடுகளிலும் இருந்தது. நெப்ராஸ்கா கன்றிடம் எடுத்த அதே வைரஸை, 1980-களின் தொடக்கத்தில் பின்லாந்தில் டிமோ வெசிகாரி குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அங்கே நன்றாக வேலை செய்தது, ஆப்பிரிக்காவில் எடுபடவில்லை, கைவிட்டார்கள். பிறகு பென்சில்வேனியாவின் ஒரு கன்றிடம் கிடைத்த வைரஸில் மனித வைரஸின் மரபணுக்களைக் கலந்து உருவாக்கிய மருந்து 2006-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது.

நம் நாட்டில் டெல்லிக் குழந்தைகளின் 116இ, ஹைதராபாத்தில் ‘ரோட்டாவாக்’ என்ற சொட்டு மருந்தாகியது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்கும் சற்று மேலாகத் தடுத்தது. பாதிதானா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் பேதியோடு மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறு குழந்தைகளில் பத்தில் நான்கு பேருக்கு ரோட்டாதான் காரணமாக இருந்தது. அதில் பாதி குறைந்தாலும் எத்தனை படுக்கை காலியாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016-ல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலும். உங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு 6, 10, 14 வாரங்களில் கொடுப்பார்கள்.

முழுதாக ஏன் தடுக்கவில்லை என்பதற்கு வேலூரிலேயே ஒரு விடை கிடைத்திருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீடு வீடாகப் போனார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி வாங்கி வந்தார்கள். (விருது கொடுப்பதாக இருந்தால் முதலில் அந்தக் களப்பணியாளர்களுக்குத்தான் கொடுப்பேன்.) ஆறு மாதத்துக்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்றி மீண்ட பிறகும் மிதமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோவில் இதேபோல நடந்த ஆய்வில் இரண்டே தொற்றில் முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. உண்மையான வைரஸே மூன்று தடவை வந்து முழுப் பாதுகாப்பு தராத ஊரில், சொட்டு மருந்தை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மாட்டு மரபணுவோடு வந்த வைரஸ் ஏன் பச்சைக் குழந்தைகளிடம் மட்டும் இவ்வளவு சுலபமாகத் தொற்றியது? டெல்லி வைரஸில் மாட்டிலிருந்து வந்த அந்த ஒரே மரபணு எது தெரியுமா? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை உண்டாக்கும் மரபணு. பெங்களூர் வைரஸின் முள்ளும் மாட்டினுடையதுதான். செல்லின்மேல் ஒட்டுவது அந்த முள்தான். நம் குடல் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நிற்கும். பிறந்த குழந்தையின் குடலில் அந்தச் சங்கிலிகளில் பல இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, வயது ஏற ஏறத்தான் நுனியில் புதுச் சர்க்கரைகள் சேரும். இந்த முள் பிடித்துக்கொள்வது வளராத சங்கிலியை. அதே மாதிரியான சங்கிலி மாட்டின் உடலிலும் இருக்கிறது.