விரல் நுனிக்கு ஓர் உரிமம்

டோக்கியோவின் ரயில் நிலையங்களைச் சுற்றி உடம்பு பிடித்துவிடும் கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு கடையின் பலகை தோள்வலி, இடுப்புவலி, கூன் எல்லாம் தீரும் என்று வண்ணவண்ணமாக அடித்துச் சொல்லும். பக்கத்துச் சந்தில் இன்னொரு பலகை. பெயர், முகவரி, நேரம், தொலைபேசி எண், மசாஜ் என்ற சொல், அவ்வளவுதான். அரசு உரிமம் பெற்றவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவர். அவரை அடக்கி வாசிக்க வைப்பதே சட்டம்தான்.

1947ல் வந்த அந்தச் சட்டப்படி ஜப்பானிய மரபுப் பிடித்துவிடலான அன்மா, மசாஜ், விரலால் அழுத்தும் ஷியாட்சு மூன்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம். குறைந்தது 3 ஆண்டுப் படிப்பு, பிறகு தேசியத் தேர்வு. உரிமம் வாங்கியவர் தன் திறமையையோ சிகிச்சை முறையையோ அனுபவத்தையோ விளம்பரம் செய்யக் கூடாது. உரிமம் இல்லாதவருக்கு இந்தக் கட்டு கிடையாது. 1960ல் மின்கருவிச் சிகிச்சை தொடர்பான ஒரு வழக்கில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம், உடம்புக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய செயலாக இருந்தால்தான் உரிமமின்மைக்காகத் தண்டிக்கலாம் என்றது. அந்த இடைவெளியில்தான் மசாஜ் என்ற சொல்லைத் தவிர்த்து, 'தளர்வு', 'உடல் சீரமைப்பு' என்று பெயர் வைத்த கடைகள் தழைத்தன. உரக்கப் பேசும் பலகையைச் சந்தேகி என்பது அங்கே நடைமுறை அறிவு.

இந்த உரிமத்துக்குப் பின்னால் பார்வையற்றவர்களின் நீண்ட வரலாறு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி பார்வையற்றவர். அக்குபங்சர் ஊசியை மெல்லிய குழாய்க்குள் வைத்து மேலே தட்டி இறக்கும் முறை அவர் பெயரோடு சேர்ந்தது. கண் தெரியாதவரும் பிசகாமல் குத்த அது வழிசெய்தது, இன்று உலகெங்கும் அந்தக் குழாய் புழங்குகிறது. நாட்டை ஆண்ட ஷோகன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்த சுகியாமா, பார்வையற்றவர்களுக்கு ஊசியும் அன்மாவும் கற்றுத்தரும் பள்ளிகளுக்கு வித்திட்டார். ஐரோப்பாவில் பார்வையற்றோர் பள்ளி தோன்ற இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

கண் போனால் விரல் கூர்மையாகும் என்பது வெறும் ஆறுதல் வார்த்தையா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெருக்கமான வரிப்பள்ளங்களை விரலால் தொட்டு அவற்றின் திசையைச் சொல்லும் சோதனையின் முடிவை ஆய்வாளர் டேனியல் கோல்ட்ரைக் குழு 2003ல் வெளியிட்டது. தொடுகூர்மை எல்லோருக்கும் வயதோடு மங்குகிறது. ஆனால் சராசரிப் பார்வையற்றவரின் விரல், தன்னைவிட 23 வயது இளைய பார்வையுள்ளவரின் விரலுக்கு ஈடு கொடுத்தது. பின்னர் உதட்டிலும் சோதித்தார்கள். அங்கே அந்த மேன்மை இல்லை. ஆக, இது பார்வை போனதால் உடம்பு முழுக்கத் தானாக வந்த வரம் அல்ல, விரல் உழைத்துச் சம்பாதித்தது. மூளையும் சும்மா இருப்பதில்லை. இளம் வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, பார்வைக்கென ஒதுங்கிய பின்மூளைப் பகுதி விழித்தெழுவதை 1996ல் ஆய்வாளர் நொரிஹிரோ சடாட்டோவும் சகாக்களும் படம்பிடித்துக் காட்டினார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வேடிக்கை. ஜப்பானின் தேசியத் தேர்வு முழுக்க முழுக்க எழுத்துத் தேர்வு, பிரெயிலிலும் எழுதலாம். உடற்கூறு, உடலியங்கியல், நோயியல், கீழை மருத்துவம் என்று கேள்விகள் வரும். விரலின் திறமையைப் பார்ப்பது பள்ளியின் வேலை. அரசு கேட்பது வேறு: எங்கே கை வைக்கக் கூடாது என்று இவருக்குத் தெரியுமா?

கேள்வி நியாயமானதுதான். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலிக்கிறது. தசைப்பிடிப்பாக இருக்கலாம், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கவும் கூடும். இரண்டாவதை அழுத்தி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்து உயிரையே எடுத்துவிடலாம். கழுத்து இன்னும் மோசம். மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறுகின்றன. சட்டென்று திருப்பினால் அவற்றின் உட்சுவர் கிழியலாம், பக்கவாதம் வரலாம். கழுத்தை வேகமாகத் திருப்பி நெட்டி முறிக்கும் முறையைத் தடுக்கவேண்டும் என்று ஜப்பானிய சுகாதார அமைச்சகம் 1991லேயே சுற்றறிக்கை விட்டது. (நம் ஊர் சலூன்களில் முடி வெட்டி முடித்ததும் இலவச இணைப்பாகக் கிடைக்கும் அதே நெட்டிதான். நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.)

தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போயிற்று: மசாஜ் உரிமம் பார்வையற்றவருக்கு மட்டுமே. 2006ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தபோது பார்வையற்றவர்கள் சியோலின் மாப்போ பாலத்தில் போராடினார்கள், சிலர் ஹான் ஆற்றில் குதித்தார்கள். சில மாதங்களில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே இயற்றியது. 2008ல் அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஜப்பான் கதவை முழுதாகச் சாத்தவில்லை. பார்வையற்றவர்களின் பிழைப்பைக் காக்க, பார்வையுள்ளவர்களுக்கான புதிய மசாஜ் பள்ளிகளுக்கு அனுமதி மறுக்கலாம் என்ற 1964ஆம் ஆண்டு விதி போதும் என்றிருக்கிறது. 2022ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

வாடிக்கையாளர் எப்படிச் சரிபார்ப்பது? அசல் உரிமச் சான்றிதழைத் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. அதனால் 2016 முதல், சுகாதார அமைச்சரின் உரிமம் பெற்றவர் என்று சான்று சொல்லும், புகைப்படம் ஒட்டிய அட்டை வந்திருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். அதை வாங்குவது கட்டாயமல்ல. ஆகவே அட்டை இல்லாதவரெல்லாம் போலி என்று முடிவுகட்ட முடியாது. அப்போது உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டியதுதான். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்ப அவரும் கேட்பார்: ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அண்மையில் எங்காவது விழுந்தீர்களா? எதையும் கேட்காமல் குப்புறப் படுக்கச் சொல்பவரிடம் நான் படுக்க மாட்டேன்.