கொதிக்கும் எஞ்சின்: நோய் எங்கே?

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியின் இறைவன் வைத்தியநாதர். பங்குனி மாதம் அங்கு நடைபெறும் நந்தி திருக்கல்யாணத்திற்குக் காரில் செல்லும் அங்கத்தினர்கள், வழியில் எஞ்சின் கொதித்தால் செய்ய வேண்டியதை ஈண்டு கூறுகிறோம்.

முதற்கண் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்கு ஆறவிடுக. ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் அடக்கி வைப்பதால், அந்நீர் 100 டிகிரி செல்சியஸைக் கடந்தும் கொதியாதிருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

ஆறிய பின்னர் நீர்மட்டத்தை நோக்குக. குறைந்திருந்தால் ரப்பர் குழாய்கள், ரேடியேட்டர், நீர்ப்பம்பு ஆகியவற்றில் கசிவைத் தேடுக. நீர் நிறைந்திருந்தால் விசிறியும் பெல்ட்டும் செவ்வனே உள்ளனவா எனக் காண்க. எஞ்சின் கொதிக்கையிலும் ரேடியேட்டர் குளிர்ந்திருப்பின், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்பு நீரைச் சுழற்றவில்லை என ஐயுறலாம். வெளியே கசிவின்றி நீர் குறைந்து, எஞ்சின் எண்ணெயும் பால்போல் வெளுத்திருந்தால் ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது.

உப்பு மிகுந்த கிணற்று நீரை வழக்கமாக ஊற்றினால் உள்ளே படிவு ஏறி நீரோட்டம் தடைப்படும். வண்டிக்குரிய கூலன்ட் கலவையே ஏற்றது.

ஒரு ரப்பர் குழாயின் விலையோடு முடியக்கூடிய செலவை, எஞ்சினையே இழக்கும் அளவிற்கு வளரவிட வேண்டாமென அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.