கசங்காத துணியும் குழந்தையின் தோலும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹற்றன் பக்கத்தில் கொடியில் போட்ட உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. பாடசாலை வெள்ளை உடுப்பை ஈரத்தோடு அயர்ன் பண்ணி அனுப்பும் தாய்மார் எத்தனை பேர்! புடவைக் கடையில் “கசங்காத பருத்தி” என்று எழுதியிருந்தால் கை அதை நாடுவது இயல்பே. ஆனால் அது எப்படிக் கசங்காமல் இருக்கிறது?

பருத்தி நார் செலுலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகளால் ஆனது. ஈரம் பட்டால் சங்கிலிகளுக்கிடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. மடிந்தபடியே காய்ந்தால் அப்படியே இறுகிவிடுகிறது. அதுதான் கசங்கல். சங்கிலிகளைக் குறுக்கே இரசாயனப் பாலங்களால் பிணைத்துவிட்டால் துணி கசங்குவது குறையும். இந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர் ஒரு பெண். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் நியூ ஓர்லியன்ஸ் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ருத் பெனரிட்டோ (1916–2013) அவர்.

இப்பாலங்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது போமல்டிஹைட் கலந்த பிசின். அதில் சிறிதளவு துணியில் தங்கிவிடும். சிலருக்குக் கழுத்திலும் அக்குளிலும் அரிப்பும் தடிப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் போமல்டிஹைட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது. அந்த ஆபத்து, உடுப்பவரைவிட நாள்தோறும் அதன் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கே அதிகம். தோட்டங்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் பெண்பிள்ளைகளை எண்ணும்போது இது தூரத்து விடயமல்ல.

ஜப்பான் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கு எல்லை வகுத்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் பத்து இலட்சத்துக்கு 16 பங்கு. பெரியவர்களின் உள்ளாடையில் 75 பங்கு.

மாற்று வழிகளும் உண்டு. போமல்டிஹைட் இல்லாத அமிலங்களால் இதே பாலங்களைக் கட்டலாம். அவற்றுள் மலிவானது தேசிக்காய்ப் புளிப்பில் உள்ள சித்திரிக் அமிலம். ஆனால் வெள்ளைத் துணியை அது சற்று மஞ்சளாக்கும். இன்னொன்று நொதியம். செலுலேஸ் என்ற நொதியம் துணியின் மேலுள்ள பிசிறுகளை அரித்து வழவழப்பாக்கும். கசங்கலை அது தடுக்காது. இதமான சூட்டிலேயே வேலை செய்யும். ஆற்றில் சேர்ந்தாலும் எளிதில் சிதைந்துவிடும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில:

புதுத் துணியை, முக்கியமாகக் குழந்தை உடுப்பை, சவர்க்காரமிட்டு அலசிய பின்பே உடுத்துங்கள். போமல்டிஹைட் நீரில் கரையும் என்பதால் ஒரு பகுதியாவது வெளியேறும்.

மூக்கைத் துளைக்கும் வாடை உள்ள துணியைக் கைக்குழந்தைக்கு வாங்காதீர்கள்.

உடுப்பை முறுக்கிப் பிழியாமல் உதறி, தோள் மட்டத்தில் மாட்டிக் காயவையுங்கள். பாதிக் கசங்கல் அதிலேயே போய்விடும்.

அரிசிக் கஞ்சி நல்ல பழைய முறைதான். ஆனால் நம் மலைக் குளிரில் கஞ்சி போட்ட துணி ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நாளில் மட்டும் மெல்லிய கஞ்சி போடுங்கள். கஞ்சியோடு அலுமாரியில் மடித்து வைக்காதீர்கள்.

சகோதரிகளே, ஒரு சுருக்கம் இருந்தால் யாருக்கும் கேடில்லை. குழந்தையின் தோல் தடித்தால்தான் கேடு.